'டிட் நாட் வென்ட்' முதல் 'டையிங் யூனிட்' வரை: ஆங்கில வினைச்சொல் தகராறுகளும் சரிசெய்யும் வழியும்

எழுதி முடித்த மெயிலில் ஏதோ இடிக்கிறது. எது என்று பிடிபடவில்லை. சரக்கு வாங்கும் பையர் பதிலுக்குக் காத்திருக்கிறார். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்ட நேரம் கிடையாது. அந்த நேரத்துக்கானது இது. திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை பவுண்டரி, ஈரோடு மஞ்சள் மண்டி, கரூர் ஏற்றுமதி ஆபீஸ் என்று நம் பக்கத்தில் தினமும் எழுதப்படும் ஆங்கிலத்தில் வினைச்சொல் வழுக்கும் இடங்களை மட்டும் எடுத்திருக்கிறோம். உங்கள் வாக்கியத்தைப் போன்ற அறிகுறி எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் சோதனையை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாதித் தகராறு அதிலேயே தீரும்.

முதல் சோதனை: காலம் எந்த வினையில் நிற்கிறது?

'ஏற்றிக்கொண்டிருந்தார்கள்' என்பதைப் பிரியுங்கள். ஏற்றி, கொண்டு, இருந்தார்கள் என்று மூன்று வினை. முதல் இரண்டும் எச்சம். 'ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்', 'ஏற்றிக்கொண்டிருப்பார்கள்' என்று எப்படி மாற்றினாலும் அவை அசையாது. காலமும் ஆளும் கடைசித் துண்டில்தான் ஏறும்.

ஆங்கிலம் இதற்கு நேர் எதிர். எத்தனை வினையை அடுக்கினாலும் காலமும் ஆளும் முதல் வினையோடு சரி. ரயில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வினை எஞ்சின், பின்னால் வருபவை பெட்டிகள், எல்லாம் எச்சம் மாதிரி உறைந்தவை. தமிழில் பழகிய கை, கடைசி வினையிலும் ஒரு முறை காலத்தைப் போடப் பார்க்கும். 'டிட் நாட் வென்ட்' பிறக்கும் இடம் அதுதான்.

உறைந்த வினை எந்த வடிவத்தில் நிற்க வேண்டும் என்பதை அதற்கு முன்னால் நிற்கும் வினை முடிவு செய்கிறது. கோச்சிங் சென்டரில் சொல்லும் வி1, வி2, வி3 (கோ, வென்ட், கான்) கணக்கிலேயே சொல்வதானால்:

- டூ, டஸ், டிட் வந்தால் அடுத்தது வி1.
- வில், வுட், கேன், குட், ஷுட், மே, மஸ்ட் வந்தாலும் அடுத்தது வி1. இடையில் 'டு' கூடாது. 'மஸ்ட் டு கோ' தப்பு.
- ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் அடுத்தது வி3.
- ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீ, பீன் வந்தால் எழுவாய் தானே செய்தால் ஐஎன்ஜி, எழுவாய்க்குச் செய்யப்பட்டால் வி3.

'தி கார்ட்டன்ஸ் ஷுட் ஹேவ் பீன் பேக்ட்' என்ற வாக்கியத்தை இதில் ஓட்டிப் பாருங்கள். ஷுட்டுக்கு அடுத்து வி1, அதாவது ஹேவ். ஹேவுக்கு அடுத்து வி3, அதாவது பீன். கார்ட்டன் தானாகப் பேக் ஆகாது, ஆகவே பீனுக்கு அடுத்து வி3, பேக்ட். எழுவாய் 'ஹி' ஆனாலும் 'ஷுட் ஹேவ்'தான். 'ஷுட் ஹேஸ்' வராது, ஏனென்றால் ஹேவ் இரண்டாவது பெட்டி, எஞ்சின் இல்லை. வி2-வுக்கு எஞ்சினில் மட்டும்தான் இடம். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வென்ட், கேம், டுக், வாஸ் தலைகாட்டினால் வாக்கியம் அங்கேதான் உடைந்திருக்கிறது.

அறிகுறி: 'வீ டிட் நாட் டுக்', 'ஹி டஸ்ன்ட் நோஸ்'

காலத்தை டிட் எடுத்துக்கொண்டது. 'S'-ஐ டஸ் எடுத்துக்கொண்டது. பின்னால் வெறும் வி1: 'டிட் நாட் டேக்', 'டஸ்ன்ட் நோ'. தமிழிலும் இதே வேலைதான் நடக்கிறது. 'போனேன்' என்பதில் காலம் உண்டு. 'போகவில்லை' என்பதில் 'போக' காலமே இல்லாத எச்சம். 'போனேன் இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. வாய் தடுமாறினால் 'போகவில்லை'யை நினைத்துக்கொள்ளுங்கள், வி1 தானாக வரும்.

கண்ணில் படாமல் தப்புபவை இரண்டு. 'டிட் யூ ஹேட் டு பே?' என்பதில் ஹேட் தப்பு, 'ஹேவ் டு' வேண்டும். 'டிட் ஹி யூஸ்ட் டு கம்?' என்று எழுதும்போது யூஸின் கடைசி 'டி' எழுத்தை எடுத்துவிட வேண்டும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் எழுத்தில் மட்டும் தெரியும் பிழை இது.

'ஹூ டுக் தி சாம்பிள்?' என்பதில் டிட் ஏன் இல்லை என்று கேட்பார்கள். 'ஹூ'தான் அங்கே எழுவாய், ஆகவே டிட் தேவையில்லை. யாரும் மறுக்காத இடத்தில் 'ஐ டிட் பே' என்று எழுதினால் 'கட்டினேன்தானுங்க' என்று அழுத்திச் சொல்வதாகப் படும். பணம் கட்டவில்லை என்று எதிராளி சாதிக்கும்போது அதுவே சரியான வாக்கியம்.

கேள்விக்குள் கேள்வி வரும்போதும் ஒரு முறைதான் திருப்ப வேண்டும். 'கேன் யூ டெல் மீ வென் வில் தி லாரி கம்?' என்பதில் முன்பகுதியே கேள்வியாகிவிட்டது. பின்பகுதி சாதாரண வரிசையில் 'வென் தி லாரி வில் கம்' என்று போக வேண்டும்.

அறிகுறி: எஸ்டர்டேவுடன் ஹேவ் வருகிறது, காரணமில்லாமல் ஹேட் வருகிறது

நம் ஊர் மெயில்களில் அதிகம் பார்க்கும் பிழை இதுவாகத்தான் இருக்கும். காரணம் 'இரு'. 'நேத்தே பில் அனுப்பியிருக்கேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே நகர்த்தினால் 'ஐ ஹேவ் மெயில்டு தி பில் எஸ்டர்டே' என்று வரும். ஆங்கிலத்தில் ஹேவும் முடிந்துபோன நேரமும் ஒரே வாக்கியத்தில் சேராது. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019 என்று மூடிய நேரம் ஒன்று கண்ணில் பட்டால் ஹேவை அடித்துவிட்டு வி2 போடுங்கள்: 'ஐ மெயில்டு தி பில் எஸ்டர்டே.' நேரத்தைச் சொல்லாமல் வேலை முடிந்ததை மட்டும் சொன்னால் ஹேவ் சரி. ஆல்ரெடி, ஜஸ்ட், யெட், சோ ஃபார், திஸ் வீக் ஆகியவற்றோடு ஹேவ் நன்றாகப் போகும். அமெரிக்க பையர் 'ஐ ஆல்ரெடி பெய்டு' என்று வி2-விலேயே எழுதுவார். அது அவர்கள் வழக்கம், பிழை இல்லை.

ஹேட் இன்னும் மோசம். 'நேத்து உங்க ஆபீசுக்கு வந்திருந்தேனுங்க' என்றால் வந்து திரும்பிவிட்டேன் என்று தமிழில் அர்த்தம். அந்த 'இருந்தேன்' ஆங்கிலத்தில் ஹேட் ஆகி, 'ஐ ஹேட் கம் டு யுவர் ஆபீஸ் எஸ்டர்டே' என்று நிற்கும். வெள்ளைக்காரர் இதைப் படித்ததும், 'வந்திருந்தீர்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது?' என்று அடுத்த வரியைத் தேடுவார். இறந்த காலத்தில் இரண்டு சம்பவம் இருந்து, அதில் முந்தியதைக் காட்ட வேண்டியபோதுதான் ஹேட்: 'வென் வீ ரீச்ட் தி கோடவுன், தி லாரி ஹேட் லெஃப்ட்.' நாம் போனது இரண்டாவது, லாரி கிளம்பியது முதலாவது. ஒரே ஒரு சம்பவம் என்றால் 'ஐ கேம் டு யுவர் ஆபீஸ் எஸ்டர்டே' போதும். மெயிலில் உள்ள ஒவ்வொரு ஹேட்டையும் காட்டி 'இதற்குப் பின்னால் நடந்தது எது?' என்று கேளுங்கள். பதில் இல்லாத ஹேட்டை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்'

இதில் இரண்டு கோளாறு. தமிழில் 'பத்து வருஷமா இங்க வேலை செய்யறேன்' என்று நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில் அன்றிலிருந்து இன்றுவரை இழுக்கும் வேலைக்கு 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். அடுத்தது சின்ஸ். தமிழில் 'லிருந்து' வந்தால் சின்ஸ், 'வருஷமா, மாசமா, நாளா' என்று வந்தால் ஃபார். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015', 'ஃபார் டென் இயர்ஸ்'.

அறிகுறி: 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்'

ஐஎன்ஜி போடக் கூடாத வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அது நிற்காது. அதைவிட நல்ல சோதனை நம் வாயிலேயே இருக்கிறது: வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், 'எனக்கு', 'அவருக்கு' என்று தொடங்கினால் ஆங்கிலத்தில் ஐஎன்ஜி வேண்டாம்.

எனக்குத் தெரியும்: ஐ நோ. எனக்குப் புரியுது: ஐ அண்டர்ஸ்டாண்ட். எனக்குப் பிடிக்கும்: ஐ லைக். எனக்கு வேணும்: ஐ வாண்ட், ஐ நீட். எனக்கு ஞாபகம் இருக்கு: ஐ ரிமெம்பர். எனக்கு ரெண்டு அண்ணன்: ஐ ஹேவ் டூ பிரதர்ஸ். எனக்குக் காய்ச்சல்: ஐ ஹேவ் எ ஃபீவர்.

ஒரே ஆங்கில வினை இரண்டு பக்கமும் போகும்போது இந்தச் சோதனை இன்னும் அழகாக வேலை செய்கிறது. 'இது சரியா வராதுன்னு எனக்குத் தோணுது' என்றால் ஐ திங்க். 'நான் யோசிச்சுட்டு இருக்கேன்' என்றால் ஐ ஆம் திங்கிங். 'ஹேவ்' சொத்தாகவோ உறவாகவோ நோயாகவோ இருந்தால் 'எனக்கு'. 'நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்' என்றால் தாராளமாக 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்'.

வலையில் சிக்காத சில உண்டு: கன்டெய்ன், கன்சிஸ்ட், பிலாங், காஸ்ட். பேக்கிங் லிஸ்டில் 'ஈச் கார்ட்டன் இஸ் கன்டெய்னிங் 24 பீசஸ்' என்று எழுதாமல் 'கன்டெய்ன்ஸ்' என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் கோபி' என்றால் இப்போதுதான் கோபியிலிருந்து பஸ் ஏறி வருகிறீர்கள் என்று பொருள். சொந்த ஊரைச் சொல்ல 'ஐ ஆம் ஃப்ரம் கோபி' போதும்.

அறிகுறி: நடக்கப்போவதைக் கேட்கிறோம், வினை இறந்த காலத்தில் நிற்கிறது

'குட் யூ ரிப்ளை டுடே?', 'ஐ வாண்டட் டு ஆஸ்க் சம்திங்.' இது கோளாறே இல்லை, சரிசெய்யக் கிளம்பாதீர்கள். வினையை ஒரு படி பின்னால் தள்ளி மரியாதை காட்டுவது ஆங்கில வழக்கம். கொங்குப் பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக ஒட்டும் 'ங்க' செய்யும் வேலையை அங்கே குட், வுட், வாண்டட் செய்கின்றன. கேட்பவர் எதிரிலேயே நின்றுகொண்டு 'ஒண்ணு கேக்கலாம்னு வந்தேனுங்க' என்று நாமும் இறந்த காலத்தில்தானே தொடங்குகிறோம்?

'ங்க'வுக்கு ஈடாக வாக்கியத்துக்கு ஒரு 'சார்' போட்டுவிட்டு, வினையை 'யூ ரிப்ளை டுடே' என்று மொட்டையாக விட்டால் அது ஆங்கிலக் காதுக்கு அதட்டலாகவே கேட்கும். இரண்டு சாரை எடுத்துவிட்டு ஒரு குட் போடுவது லாபம்.

அறிகுறி: இஃப்புக்குப் பின் வில்லா, வுட்டா, வேரா?

'நாளைக்கு வந்தால்' என்பதில் எதிர்கால இடைநிலை எங்கே? கிடையாது. நாளைய விஷயத்துக்கு 'வந்த்' என்ற இறந்த கால அடியைத்தான் தமிழே வைத்திருக்கிறது. ஆங்கிலமும் இஃப் பக்கத்தில் வில்லை அனுமதிப்பதில்லை. வில்லும் வுட்டும் விளைவு சொல்லும் பக்கத்தில் மட்டும்.

மூன்று படி உண்டு. நடக்கக்கூடியது: 'இஃப் யார்ன் பிரைசஸ் ஃபால், வீ வில் டேக் தி ஆர்டர்.' நடக்கும் என்று நம்பிக்கை இல்லாதது: 'இஃப் யார்ன் பிரைசஸ் ஃபெல், வீ வுட் டேக் தி ஆர்டர்.' போய்விட்டது, இனிப் புலம்பத்தான் முடியும்: 'இஃப் யார்ன் பிரைசஸ் ஹேட் ஃபாலன், வீ வுட் ஹேவ் டேக்கன் தி ஆர்டர்.' பையருக்கு எழுதும்போது முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் வித்தியாசம் பெரிது. விலை இறங்கினால் ஆர்டர் எடுப்பது உறுதி என்று முதல் வாக்கியம் சொல்கிறது; இரண்டாவது, 'எங்கே இறங்கப்போகுது' என்று கையை விரிக்கிறது.

'இஃப் ஐ வேர் யூ' என்பதில் ஐக்கு வாஸ் வராமல் வேர் வருவது, கற்பனைக்கென்று தனி வடிவம் இருந்த பழைய ஆங்கிலத்தின் மிச்சம். பேச்சில் வாஸும் கேட்கும். எழுத்தில் வேர் பாதுகாப்பு. வென், அன்ட்டில், ஆஃப்டர் ஆகியவற்றுக்கும் இஃப்பின் விதியே: 'வென் தி கன்டெய்னர் ரீச்சஸ் தூத்துக்குடி, வீ வில் இன்ஃபார்ம் யூ.'

அறிகுறி: மில், கட்டிங், பவுண்டரி வினைகள் 'ஈடி'க்கு மசிய மறுக்கின்றன

ஆங்கிலத்தில் தாறுமாறான வினைகள் பெரும்பாலும் பழைய, அன்றாடக் கைவேலை வினைகள். நூற்பதும் நெய்வதும் அரைப்பதும் அதில் சேர்த்தி. ஆகவே வேறு எந்த ஊரைவிடவும் நம் ஊருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

மில்லில்: ஸ்பின், ஸ்பன், ஸ்பன். வீவ், வோவ், வோவன். சோமனூர்த் தறித் துணி வோவன், திருப்பூர்த் துணி நிட்டட். நிட்டுக்கு 'நிட்', 'நிட்டட்' இரண்டும் சரி. கோனில் நூல் சுற்றும் வைண்ட், வி2-விலும் வி3-யிலும் 'வவுண்ட்' ஆகும். காயம் என்ற பொருளுள்ள 'வூண்ட்' எழுத்தில் இதே மாதிரி இருக்கும், உச்சரிப்பு வேறு. மோட்டார் காயில் மாற்றும் கடைக்காரர் 'ரீவைண்டட்' என்று எழுதக் கூடாது, 'ரீவவுண்ட்'. வெட் கிரைண்டரில் அரைத்த மாவும் மெஷினில் அரைத்த மஞ்சளும் 'கிரவுண்ட்', 'கிரைண்டட்' இல்லை.

கார்மென்ட்ஸில்: தைப்பது ஸ்யூ போலத் தோன்றினாலும் உச்சரிப்பு 'ஸோ'; ஸோ, ஸோடு, ஸோன். துணி சுருங்கினால் ஷ்ரிங்க், ஷ்ராங்க், ஷ்ரங்க். லேபிளில் 'ப்ரீ-ஷ்ரங்க்' என்று வருவது வி3. சாயம் ஒழுகினால் பிளீட், பிளெட், பிளெட். 'தி கலர் பிளீடட்' என்று புகார் எழுதினால் புகாரே சிரிப்பாகிவிடும். கிழிந்தால் டேர், டோர், டோர்ன்.

மூன்று வடிவத்திலும் மாறாதவை: கட், புட், செட், ஷட், ஸ்பிரெட், ஸ்பிளிட், பர்ஸ்ட், விலையைச் சொல்லும் காஸ்ட். வார்ப்பதைச் சொல்லும் காஸ்டுக்கும் இதே விதி. கொட்டேஷனில் 'காஸ்டட் இன் ஒன் பீஸ்' என்று எழுதும் பவுண்டரிகள் 'காஸ்ட் இன் ஒன் பீஸ்' என்று மாற்ற வேண்டும்; 'காஸ்ட் அயர்ன்' என்று தினமும் சொல்கிறோமே, அந்தக் காஸ்ட் வி3-தான். டெண்டரில் விலை கேட்கும் பிட்டும் மாறாது: 'வீ பிட் லாஸ்ட் மன்த்.'

ஒரு விதிவிலக்கு திருப்பூர்க்காரர்களுக்கு உதவும். விலை ஆவதைச் சொல்லும் காஸ்ட் மாறாது: 'இட் காஸ்ட் அஸ் 80 ருபீஸ்.' ஆனால் உட்கார்ந்து காஸ்டிங் போடுவதைச் சொன்னால் 'காஸ்டட்' சரி: 'வீ காஸ்டட் தி ஸ்டைல் எஸ்டர்டே.' ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போட்டாலும் பயப்பட வேண்டாம்.

அறிகுறி: லை, லே, லெய்டு, ரைஸ், ரெய்ஸ்

இவை தன்வினை, பிறவினை ஜோடிகள். ஏறு, ஏற்று, கிட, கிடத்து. 'நூல் விலை ஏறியது': யார்ன் பிரைசஸ் ரோஸ். 'மில் விலையை ஏற்றியது': தி மில் ரெய்ஸ்டு தி பிரைஸ். ரைஸ், ரோஸ், ரிசன் தானாக ஏறும். ரெய்ஸ், ரெய்ஸ்டு, ரெய்ஸ்டு யாராவது ஏற்ற வேண்டும்.

கட்டிங் டேபிளைப் பாருங்கள். ஆள் துணியை விரிப்பது லே, லெய்டு, லெய்டு. துணி டேபிளில் கிடப்பது லை, லே, லெய்ன். குழப்பம் எங்கே என்றால், கிடப்பதன் வி2-வும் விரிப்பதன் வி1-ம் ஒரே 'லே'. 'தே லெய்டு தி ஃபேப்ரிக் அட் நைட்; இட் லே தேர் டில் மார்னிங்.' ராத்திரி விரித்தார்கள், காலை வரை கிடந்தது. எதை விரித்தார் என்று கேட்டுப் பதில் கிடைத்தால் லெய்டு, கிடைக்காவிட்டால் லே. பொய் சொல்லும் லை தனி ஆள்: லைடு, லைடு.

அறிகுறி: டுவுக்குப் பின் ஐஎன்ஜியா, வி1-ஆ?

'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' தப்பு. 'மீட்டிங் யூ' சரி. அந்த டு வினையோடு ஒட்டிய டு இல்லை, 'க்கு' என்ற வேற்றுமை உருபு போன்றது. டுவுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்' என்று பொருந்துகிறதல்லவா, அப்படியானால் வினை ஐஎன்ஜியில் வர வேண்டும். 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் ஏர்லி' என்றால் சீக்கிரம் எழுந்து பழகிவிட்டது. 'ஐ யூஸ்ட் டு வேக் அப் ஏர்லி' என்றால் முன்பு எழுவேன், இப்போது இல்லை. தினமும் ஜிம்முக்குப் போகிறவர் 'ஐ யூஸ்ட் டு கோ டு ஜிம்' என்று சொன்னால் நிறுத்திவிட்டார் என்றே எதிராளி எடுத்துக்கொள்வார். 'ஐ கோ டு தி ஜிம் டெய்லி' போதும்.

ஸ்டாப்புக்கு இரண்டும் வரும், பொருள் மாறும். 'டீ குடிக்க நின்றார்': ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ. 'டீ குடிப்பதை நிறுத்தினார்': ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ. தமிழில் 'குடிக்க' வந்தால் டு, 'குடிப்பதை' வந்தால் ஐஎன்ஜி. பெருந்துறையில் வண்டியை ஓரங்கட்டிய டிரைவரைப் பற்றி எழுதும்போது இதை மாற்றிப் போட்டால் அவர் டீயையே விட்டவராகிவிடுவார்.

மேக், லெட் இரண்டுக்கும் டு கிடையாது: 'ஹி மேட் அஸ் வெயிட்', 'லெட் ஹிம் கோ'. செயப்பாட்டுவினையில் மட்டும் மேக்குக்கு டு திரும்பி வரும்: 'வீ வேர் மேட் டு வெயிட்.'

கடையில் கொடுத்துச் செய்ய வைத்ததைச் சொல்ல 'ஐ ஹேட் தி மோட்டார் ரீவவுண்ட்' அல்லது 'ஐ காட் தி மோட்டார் ரீவவுண்ட்'. பொருள் நடுவில், வி3 கடைசியில். 'ஐ ரீவவுண்ட் தி மோட்டார்' என்றால் காயிலை நீங்களே சுற்றினீர்கள் என்று ஆகும்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

'ஐ ஆம் அக்ரீ': அக்ரீயே வினை, ஆம் வேண்டாம். 'ஐ ஆம் பார்ன் இன் 1998': பிறந்தது முடிந்த கதை, வாஸ் பார்ன். 'ஐ ஆம் போரிங்' என்றால் நீங்கள் மற்றவர்களை அறுக்கிறீர்கள் என்று பொருள். உங்களுக்குச் சலிப்பு என்றால் போர்டு. 'சஜஸ்டட் ஹிம் டு டேக் ரெஸ்ட்' வராது. 'சஜஸ்டட் தட் ஹி டேக் ரெஸ்ட்'. அங்கே டேக்கில் 's' இல்லாததைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். சஜஸ்ட், ரெக்கமண்ட், இன்சிஸ்ட் வழியாக வரும் கோரிக்கைக்கு வெறும் வி1-தான் முறை.

அறிகுறி: ஈடி, ஐஎன்ஜி ஒட்டும்போது ஒலியும் எழுத்தும் தடுமாறுகின்றன

ஒலியில்: பேக்ட், வாஷ்ட், செக்ட் எல்லாம் ஒரே அசை. நாம் 'பேக்குடு', 'வாஷுடு' என்று இழுத்துவிடுகிறோம். வினை 't' ஒலியிலோ 'd' ஒலியிலோ முடிந்தால் மட்டும் தனி அசை உண்டு: பிரிண்டட், நிட்டட், ஃபோல்டட், லோடட். மற்றவற்றில் முடிவெழுத்து அடித்தொண்டை அதிராத ஒலி என்றால் 'ட்', அதிரும் ஒலி என்றால் 'டு'. தொண்டையில் விரலை வைத்து 'பேக்' என்றும் 'பில்' என்றும் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

எழுத்தில்: அழுத்தம் கடைசி அசையில் விழுந்து, அது ஒற்றை உயிர், ஒற்றை மெய்யில் முடிந்தால் மெய் இரட்டிக்கும். ரிஃபர்டு, அக்கர்டு இரண்டிலும் 'ஆர்' இரண்டு. அக்கர்டில் 'சி'யும் இரண்டு. ஆஃபர்டு, ஆர்டர்டு, டெலிவர்டு, விசிட்டட் ஆகியவற்றில் அழுத்தம் முன்னால் இருப்பதால் ஒரே எழுத்து. கேன்சல்டு, லேபிள்டு ஆகியவற்றுக்கு பிரிட்டிஷ் எழுத்தில் 'எல்' இரண்டு, அமெரிக்க எழுத்தில் ஒன்று. பையர் எந்த நாடோ அதன்படி ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பேயின் இறந்த காலம் பி-ஏ-ஐ-டி, லீடின் இறந்த காலம் எல்-இ-டி.

கடைசியாகச் சாயப்பட்டறைப் பலகை. ஐஎன்ஜி சேர்க்கும்போது கடைசி 'இ' உதிர்வது பொது விதி: பிளேஸ், பிளேசிங். சாயம் போடும் டையில் அந்த 'இ' உதிரக் கூடாது: டி-ஒய்-இ-ஐ-என்-ஜி. உதிர்ந்தால் டி-ஒய்-ஐ-என்-ஜி, அதாவது செத்துக்கொண்டிருப்பது. இறந்த காலத்திலும் கவனம்: சாயம் போட்டது டி-ஒய்-இ-டி, செத்தது டி-ஐ-இ-டி. துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை நெருப்பில் பொசுக்கும் சிஞ்சிங்கிலும் 'இ' நிற்க வேண்டும், எஸ்-ஐ-என்-ஜி-இ-ஐ-என்-ஜி. விட்டுவிட்டால் பட்டறையில் பாட்டுக் கச்சேரி நடப்பதாகிவிடும். இந்த இரண்டிலும் ஸ்பெல் செக் கைகொடுக்காது, தப்பான வடிவமும் அகராதியில் உள்ள சொல் என்பதால் கோடு விழாது. பலகைக்கும் லெட்டர் ஹெட்டுக்கும் விசிட்டிங் கார்டுக்கும் புரூஃப் வரும்போது எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.